மஞ்சள் துணியில் முடிந்த காசு

தோட்டத்துக் கோயிலிலிருந்து கதிர்காமம் வரை கால்நடையாக வந்து காணிக்கை செலுத்துவதாக, 1973-ஆம் ஆண்டு ஒரு தாய் முருகனிடம் நேர்ந்துகொண்டாள். அந்த நேர்த்தியை நிறைவேற்ற மகன் புறப்பட்டபோது 51 ஆண்டுகள் கழிந்திருந்தன. தாய் இல்லை. மகனுக்கு அகவை 64. முழங்கால் இரண்டிலும் தேய்மானம்.

மருத்துவர் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார். நெடுந்தூரம் நடக்கக் கூடாது. மலையிறக்கத்தில் நடக்கவே கூடாது. மிதிவண்டி ஓட்டலாம், உடற்பாரத்தை இருக்கை தாங்கிக்கொள்வதால் மூட்டுக்கு நோவு குறையும். ஆனால் இருக்கையைத் தாழ்த்தி வைத்து, முழங்காலை மடக்கி மடக்கி மிதிக்கக் கூடாது.

வங்கியில் 36 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவருக்கு விதிமுறை முக்கியம். நேர்ந்துகொண்டது கால்நடை, செல்வதோ வண்டி. இது செல்லுமா, செல்லாதா? கோவையில் தாம் வழக்கமாக வழிபடும் கோயிலின் குருக்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மிதிக்கிறது எது? கால்தானே! போய் வாருங்கள்" என்றார் குருக்கள், விபூதியை எடுத்துக்கொண்டே.

எட்டு மாதங்கள் பயிற்சி நடந்தது. விடியற்காலையில் மருதமலை அடிவாரம் வரை போய் மீள்வார். ஞாயிறுதோறும் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிச் சாலையில் இயன்ற தூரம் ஏறுவார். முதல் ஞாயிறன்று நான்காவது வளைவில் மூச்சு முட்டி ஒரு மைல்கல்லின்மேல் அமர்ந்துவிட்டார். பிள்ளைகள் எதிர்த்தார்கள். மனைவி மட்டும் எதுவும் சொல்லவில்லை. பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கவிடும் பைகளில் கம்பளிச் சட்டையையும் முட்டுறைகளையும் மடித்து வைத்தார்.

கோத்தகிரிச் சாலை அவருக்குப் புதிதன்று. அந்த மலையில்தான் அவர் வளர்ந்தார். பிறந்த மலை வேறு. இலங்கையில் கம்பளைக்கும் நுவரெலியாவுக்கும் இடையே, இறம்பொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அவர். அவருடைய முன்னோர் தமிழகத்திலிருந்து சென்று மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தவர்கள். வழியில் மாண்டவர்கள் எத்தனையோ பேர். முதலில் காப்பிக்காகச் சென்றார்கள். 1869-இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தபின் மலை முழுவதும் தேயிலையாயிற்று. அவர்கள் கையால் எழுந்த தோட்டங்களிலேயே, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964-இல் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றது உடன்படிக்கை. எண்களைப் பங்கிடுவது எளிது. குடும்பங்கள் எண்களைப் போல் வகுபடுவதில்லை.

இவருடைய பெற்றோருக்கு இந்தியா கிடைத்தது. தாயின் ஒரே தங்கைக்கு இலங்கை கிடைத்தது. கம்பளை நிலையத்தில் கோச்சி புறப்பட்டபோது (இரயிலை மலையகத்தார் கோச்சி என்றே சொல்வர்) சின்னம்மா சன்னல் கம்பியைப் பிடித்தபடி நடைமேடை முடியும்வரை ஓடிவந்தது, 13 வயதுச் சிறுவனாயிருந்த அவருக்கு மறக்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறுமுன் தாய் ஓர் இலங்கை ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் நனைத்த துணியில் முடிந்துகொண்டாள். "எல்லாரும் நல்லபடியா கரை சேர்ந்து காலூன்றிட்டா, திரும்பி வந்து, நம்ம கோயில்லேருந்து கதிர்காமத்துக்கு நடந்தே வந்து செலுத்துறேன்" என்று வாய்விட்டு வேண்டினாள்.

கரை சேர்ந்தார்கள். மண்டபம் முகாம், பின்னர் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காக அரசு அமைத்த தேயிலைத் தோட்டம். மகன் படித்தான், பட்டம் பெற்றான், வங்கியில் அதிகாரியானான். காலூன்றியாயிற்று. ஆனால் தாயால் திரும்பிச் செல்ல இயலவில்லை. முதலில் பணமில்லை, பிறகு அங்கே போர், போர் முடிந்தபோது அவளுக்கு நடக்க வலுவில்லை. பூசை மாடத்தில் அந்தத் துணி மட்டும் நிறம் மங்கி இருந்தது. 2021-இல் கண்மூடுவதற்கு முன் அதை மகன் கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

2024 பிப்ரவரியில் அவர் கண்டிக்குச் சென்று சேர்ந்தார். பெட்டியில் அடைத்துச் சென்ற மிதிவண்டியை அங்கே பூட்டி நிறுத்தினார். மலைநாட்டில் மழை குறைந்திருக்கும் காலம் அது. கண்டி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 500 மீட்டர். நுவரெலியா 1868 மீட்டர். கம்பளைவரை மகாவலி கங்கை அருகே வந்தது, பெரிய ஏற்றமில்லை. கம்பளை நிலையத்தின் முன் ஐந்து நிமிடம் நின்றார். உள்ளே செல்லவில்லை.

கம்பளையைத் தாண்டியதும் சாலை மலைமேல் ஏறத் தொடங்கியது. செங்குத்தில்லை என்பது உண்மையே. ஆனால் ஏற்றம் முடிவதுமில்லை. ஒரு வளைவு முடிந்தால் அடுத்த வளைவு. முன்னே மிகச் சிறிய பற்சக்கரம், பின்னே மிகப் பெரியது. இந்த இணைப்பில் கால்கள் விரைந்து சுழன்றாலும் வண்டி ஆள் நடக்கும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக நகரும், அவ்வளவுதான். வேகத்தை விரும்புவோருக்கு இது அவமானமாகத் தோன்றலாம். அவருக்கோ அது வசதியாயிற்று. ஒரு மிதிக்கு 'சரவண', மறு மிதிக்கு 'பவ' என்று மந்திரம் தானாகவே காலில் வந்து அமர்ந்தது. மூச்சு மிகுந்தபோது மந்திரம் நின்றது; மந்திரம் நின்றால் வண்டியையும் நிறுத்துவது என்று விதி வகுத்துக்கொண்டார். இளைப்பாற வேண்டிய நேரத்தைக் கைக்கடிகாரத்தைவிட இது சரியாகச் சொன்னது.

புசல்லாவைக்கு மேல் இருமருங்கும் தேயிலை. தனியார் பேருந்துகள் ஒலியெழுப்பிக்கொண்டு தோளை உரசுவது போல் பறந்தன. அவை வரும்போதெல்லாம் சாலையோரம் ஒதுங்கி நின்றுவிடுவார். கொழுந்துக் கூடை சுமந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். ஓரிடத்தில் ஏற்றம் கடுமையாயிருந்ததால் இறங்கித் தள்ளினார். பள்ளி விட்டு வந்த சிறுவர் மூவர் கேட்காமலே பின்னாலிருந்து தள்ளத் தொடங்கினார்கள்.

"எங்க போறீங்க ஐயா?"

"கதிர்காமம்."

"பஸ் இருக்கே!"

அதற்கு அவரிடம் விடையில்லை. மிட்டாய் கொடுத்தார்.

இறம்பொடையில் சின்மயா மிஷனார் எழுப்பிய பக்த ஆஞ்சநேயர் திருக்கோயிலில் வணங்கி, மறுநாள் காலை தோட்டத்துக்குச் சென்றார். பிரதான சாலையிலிருந்து பிரிந்து போகும் கல்வழியில் வண்டியைத் தள்ளியே ஏற வேண்டியிருந்தது. லயங்கள் அப்படியே இருந்தன. கூரைத் தகரங்கள் மாறியிருந்தன. தோட்டத்துக் கோயிலுக்குப் புதுவண்ணம் தீட்டியிருந்தார்கள். அதன் வாயிற்படியில், நடுக்கும் தலையோடு, 80 வயது மூதாட்டி ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள். பேரன் தொலைபேசியில் செய்தி சொல்லியிருந்தான். சின்னம்மா அவருடைய முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அக்கா மூக்கு" என்றாள்.

லயத்துக் காம்பராவில் ரொட்டியும் சம்பலும் வைத்தாள். உண்டு முடித்ததும் அவர் மஞ்சள் துணியை எடுத்துக் காட்டி, வந்த காரியத்தைச் சொன்னார். சின்னம்மா நெடுநேரம் பேசவில்லை. பின்பு மெல்லச் சொன்னாள்.

"அந்தக் கடன் எப்பவோ தீர்ந்துபோச்சு ராசா. நீங்க போன மறுவருசம், தோட்டத்து ஆளுங்க பத்துப் பேரோட நான் நடந்து போனேன். அக்கா நல்லபடியா சேர்ந்துட்டான்னு கடுதாசி வந்திச்சி. அவளால வர முடியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். அவ பேரச் சொல்லி, அவ சார்பா, நானே காசு போட்டுட்டேன்."

அவர் திகைத்தார். "அம்மாவுக்கு எழுதலியா சின்னம்மா?"

"சாமிக்குச் செஞ்சதைச் சொல்லிக்காட்டலாமா? அதோட, கடன் தீர்ந்துட்டுதுன்னு தெரிஞ்சா அவ இங்க வர நெனைப்பாளா?"

அந்த இரண்டாவது காரணம் உண்மையானது என்று அவருக்குத் தோன்றியது. அக்காளைத் திரும்ப வரவழைப்பதற்காகத் தங்கை ஐம்பது ஆண்டுகள் அந்தக் கணக்கை மூடாமல் வைத்திருந்தாள். அங்கே அக்காளும், திரும்பிப் போக ஒரு காரணம் வேண்டுமென்றே அந்த முடிச்சைப் பூசை மாடத்தில் வைத்திருந்தாளோ என்னவோ!

எழுந்து வெளியே வந்தார். வண்டி கோயில் சுவரில் சாய்ந்திருந்தது. கணக்கு முடிந்துவிட்டதென்றால் மேற்கொண்டு ஏறுவானேன்? கம்பளைவரை இறக்கம்தான்; அரைநாளில் சேர்ந்துவிடலாம். அப்போது சின்னம்மா பின்னால் வந்து நின்றாள். அவள் கையிலும் ஒரு மஞ்சள் துணி இருந்தது. அப்போதுதான் முடிந்திருக்க வேண்டும், ஈரம் காயவில்லை.

"நான் போட்டது என் காசு. அக்கா காசு அவகிட்டத்தானே இருந்துச்சு? அதை நீ கொண்டு போ. இதையும் கொண்டு போ. இது நீ வந்ததுக்கு."

இரண்டு முடிச்சுகளையும் சட்டையின் உட்பையில் வைத்து ஊசி குத்திக்கொண்டு ஏறத் தொடங்கினார்.

நுவரெலியாவுக்குச் சற்று முன்னர்ச் சாலை தன் உச்சியைத் தொடுகிறது. அங்கே மூடுபனி வந்து சூழ்ந்தது. வியர்வை நனைத்த சட்டையோடு குளிர்காற்றில் நின்றால் நடுக்கம் பிடிக்கும் என்பதறிந்து, மரத்தடியில் உடை மாற்றி, கம்பளி அணிந்த பிறகே இறங்கினார். அன்றிரவு பற்கள் கிட்டிய குளிரில் உறக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் சீதா எலியவுக்குச் சென்றார். அசோகவனம் இதுவே என்பது அவ்வூர் மரபு. சாலையோரச் சரிவில் சீதையம்மன் கோயில். பக்கத்தில் சலசலக்கும் ஓடை. அதன் பாறையிலுள்ள குழிகளை அனுமனின் அடிச்சுவடுகள் என்று காட்டுகிறார்கள். கடலுக்கு அப்பால் உள்ளவரை எண்ணி ஒரு பெண் காத்திருந்த இடம். அங்கே அவர் சின்னம்மாவைத்தான் நினைத்தார்.

ஹக்கல மலைத் தோட்டத்தைக் கடந்தவுடன் நெடிய இறக்கம். ஏற்றத்தைக் கண்டு அஞ்சியவருக்கு, அஞ்ச வேண்டியது இறக்கத்தை என்பது அப்போதுதான் புலப்பட்டது. விடாது பிரேக்கை அழுத்தினால் சக்கர வளையம் சூடேறும். ஆகவே சிறிது அழுத்தி, சிறிது விட்டு, முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கொருமுறை நின்று வளையத்தைத் தொட்டுப் பார்த்தார், விரல் சுட்டது. கால்களுக்கு வேலையில்லை, உள்ளங்கைகள் மரத்துப்போயின. மேற்குச் சரிவின் பசுமை மெல்லக் குறைந்து, காய்கறிப் பாத்திகளும் படிவயல்களும் வறண்ட புல்மேடுகளுமாக ஊவா நாடு விரிந்தது.

வெலிமடையில் பிரேக் கட்டைகள் தேய்ந்து உலோகம் உரசும் ஓசை கேட்டது. கடைத்தெரு முனையில் மிதிவண்டி பழுதுபார்க்கும் சிங்களப் பெரியவர் ஒருவர் புதுக் கட்டைகள் பொருத்தினார். மொழி தெரியாததால் கையால் கேட்டார், எங்கே பயணம் என்று. "கதிர்காமம்" என்ற சொல் அவருக்குப் புரிந்தது. "கதரகம தெய்யோ" என்று சொல்லி, முன்சக்கரத்தைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டார். கட்டைகளின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டார்; கூலியை நீட்டியபோது மேற்கே கையைக் காட்டித் தலையசைத்தார். எதைக் காட்டினார் என்பது இன்றளவும் விளங்கவில்லை.

பண்டாரவளை, எல்ல. எல்லவிலிருந்து வெல்லவாய வரை ஏறத்தாழ 800 மீட்டர் இறங்க வேண்டும். வழியில் இராவணன் பெயரால் வழங்கும் அருவியில் நிறைய சுற்றுலாப் பயணிகள். அவர் நீர் நிரப்பிக்கொள்ள மட்டுமே நின்றார். வெல்லவாய வந்தபோது வெயில் தீயாய்ச் சுட்டது. காலையில் அணிந்திருந்த கம்பளி பையின் அடிக்குப் போயிற்று. மலை பின்னால் நீலமாய் நின்றது.

புத்தளவிலிருந்து கதிர்காமம் சுமார் 35 கிலோமீட்டர். பெரும்பகுதி காடு. தேநீர்க் கடையில் இருந்தவர்கள் வண்டியைப் பார்த்ததும் ஒரே குரலில் மறுத்தார்கள்: அந்தச் சாலையில் காட்டு யானைகள் வந்து வாகனங்களை மறிக்கும், மிதிவண்டியில் போவது கூடாது. யாத்திரிகர் பழங்களைக் கொடுத்துக் கொடுத்து அவற்றைப் பழக்கிவிட்டார்கள். புண்ணியம் என்றெண்ணிச் செய்த செயல்தான். ஆனால் காட்டில் மேய வேண்டிய யானையைச் சாலையில் கையேந்த வைத்தது புண்ணியமாகுமா?

அவர் ஒரு மணி நேரம் வாதாடினார். இத்தனை தூரம் சொந்தக் காலால் வந்தாயிற்று. கடைசிப் பகுதியை வாகனத்தில் போவதென்றால் நேர்த்தி என்னாவது? ஏதேனும் பேருந்தின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போய்விட்டாலென்ன? கடைக்காரர் வாதம் செய்யவில்லை. கோயிலுக்குத் தேங்காய் ஏற்றிச் செல்லும் சிறிய லொறி ஒன்றை நிறுத்தி, மிதிவண்டியைத் தூக்கித் தேங்காய்மேல் படுக்க வைத்துவிட்டார். இவர் ஓட்டுநரின் பக்கத்தில், தோற்றவர் போல் அமர்ந்தார்.

பாதித் தூரம் போயிருக்கும். சாலையோரம் ஒற்றை யானை நின்றது. முன்னே சென்ற வேன் நின்றது, லொறியும் நின்றது. யானை வேனின் சன்னலருகே துதிக்கையை நீட்டியது. உள்ளேயிருந்து வாழைப்பழச் சீப்பு வெளியே வந்தது. பிறகு அது லொறியை நோக்கித் திரும்பி நாலைந்து அடி நடந்து, நேருக்கு நேர் நின்றது. ஓட்டுநர் மூச்சு விடவில்லை. மிதிவண்டியின் இருக்கையில் தாம் அமர்ந்திருந்தால் அந்தத் துதிக்கை எவ்வளவு உயரத்தில் இருந்திருக்கும் என்று அவருடைய மனம் அளந்தது.

அந்த வேளையில் அவருக்குக் கந்தபுராணம் நினைவு வந்தது. வள்ளியை அடைய முருகன் அண்ணனை நினைத்தபோது, யானையாய் வந்து எதிர்நின்றவர் விநாயகர். கதிர்காமமோ வள்ளியின் ஊர் என்று போற்றப்படும் தலம். அண்ணனை வணங்காமல் தம்பியிடம் விரைந்ததை அவர் உணர்ந்தார். கண்டியில் புறப்பட்டபோது ஒரு தேங்காய்கூட உடைக்கவில்லை! கைகள் தாமாகக் குவிந்தன. யானை காதுகளை இருமுறை அசைத்துவிட்டு, அவசரமேயில்லாமல் காட்டுக்குள் இறங்கியது.

செல்லக்கதிர்காமத்துக்குப் பிரியும் இடத்தில் லொறியை நிறுத்தச் சொன்னார். அங்குள்ள பிள்ளையார் சந்நிதியில், லொறிக்காரர் கொடுத்த தேங்காயை உடைத்தார். எஞ்சிய சில கிலோமீட்டரை மிதிக்கவில்லை. வண்டியை இடக்கையால் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தார். மருத்துவர் விலக்கியது அது. முதல் கிலோமீட்டரிலேயே வலது முழங்கால் முறையிட்டது. நிழல் கண்ட இடமெல்லாம் நின்று நின்று நடந்தார்.

மாணிக்க கங்கையில் நீராடி, பழத்தட்டு வாங்கிக்கொண்டு மாலைப் பூசைக்குச் சென்றார். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய அந்தச் சந்நிதியில் கோபுரமில்லை. கண்ணால் காணத் திருவுருவமும் இல்லை. வள்ளி தெய்வயானையோடு முருகன் வீற்றிருக்கும் ஓவியத் திரைதான். திரைக்கு அப்பால் நடக்கும் பூசையை யாரும் பார்ப்பதில்லை. சிங்களரும் தமிழரும் தோளோடு தோள் நெருங்கி நின்றார்கள். கப்புறாளை தட்டை வாங்கிக்கொண்டார். பழங்களுக்கு நடுவே இரண்டு மஞ்சள் முடிச்சுகள்: ஒன்று சாயம் போனது, மற்றொன்று புதியது. அந்த நாணயம் இன்று எந்த வங்கியிலும் ஒரு பொருட்டில்லை. தட்டு திரைக்குள் சென்றது. திரும்பி வந்தபோது முடிச்சுகள் இல்லை.

வெளியே வந்து, அரசமரத்தடியில் அமர்ந்து, தோட்டத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். பேரன் எடுத்துப் பாட்டியிடம் கொடுத்தான்.

"செலுத்தியாச்சு சின்னம்மா. ரெண்டையும்."

மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்து இரைச்சல் மட்டும் எங்கோ கேட்டது.

லொறியில் வந்ததைச் சொல்லிவிட வேண்டுமென்று அவருக்குத் தோன்றியது. சொன்னார். யானையைச் சொன்னார். கடைசியில் நடந்ததையும் சொன்னார்.

"கால் வலிக்குதா?" என்று கேட்டாள் சின்னம்மா.

"வலிக்குது."

"எனக்கும் அன்னிக்கு வலிச்சிச்சு" என்றாள். "வெந்நீர் ஒத்தடம் குடு. போகும்போது இந்தப் பக்கமா வந்துட்டுப் போ. ரொட்டி சுட்டு வைக்கிறேன்."